சந்தனம் வைத்த டாங்கிள்

எல்லாம் ஒரு நாய் குரைத்ததில் ஆரம்பித்தது.

பாகூர்ப் பக்கம் ஏதோ திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் காரில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கிரியின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. கோமாரி ஊசி போடுகிறார்கள், மாடுகளைப் பால் சொசைட்டி வாசலுக்கு ஓட்டி வாருங்கள் என்பது அறிவிப்பு. பக்கிரிக்குத் தொண்டை வருஷம் பூராவும் கட்டித்தான் இருக்கும். போதாததற்கு, ஆட்டோவைக் கண்டாலே ஆகாத ஒரு செவலை நாய் பின்னால் குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. ஸ்பீக்கரில் முதலில் நாய் கேட்டது, அப்புறம்தான் கோமாரி. “கவர்மென்ட்டோட குரல்ல நாய் குரைக்குதேப்பா” என்று பெரிய மனிதர் வருத்தப்பட்டாராம். அவர் இளநீர் வழுக்கையைத் தின்று முடிப்பதற்குள் வருத்தம் உத்தரவானது. உத்தரவு திட்டமானது. திட்டம் கட்டடமாகி, வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ‘ஊரகக் குரல் தூய்மை மையம்’ என்று பலகை மாட்டிக்கொண்டு நின்றது.

சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே போனால் மார்கழிக் குளிர். ஊர் ஊருக்குக் கம்பம் நட்டு உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். பக்கிரியின் மைக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் ‘அசுத்த ஒலிக் கருவி’ என்று எழுதிப் பிடுங்கிக்கொண்டுபோய் மையத்தின் ஸ்டோர் ரூமில் போட்டார்கள். பக்கிரி ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். நாய் அவன் பின்னால் ஓடுவதை விடவில்லை. நாய்க்கு உத்தரவு போய்ச் சேரவில்லை போல.

மையத்தின் உயிர்நாடி ஒரு ப்ளக்இன். பேச்சைப் பதிவு செய்கிற சாஃப்ட்வேருக்குள் ஏற்றிக்கொள்கிற இன்னொரு குட்டி சாஃப்ட்வேர் அது. நாய், மாடு, காற்று, இருமல், தொண்டைக் கரகரப்பு எல்லாவற்றையும் சலித்து எடுத்துவிட்டுக் குரலை மட்டும் பளபளவென்று வெளியே விடும். அது ஏற வேண்டுமானால், கட்டைவிரல் நீளத்தில் பென்டிரைவ் மாதிரி இருக்கிற டாங்கிள் ஒன்று கம்ப்யூட்டரில் சொருகியிருக்க வேண்டும். உரிமம் அதற்குள்தான் இருக்கிறது. டாங்கிள் இல்லையென்றால் ப்ளக்இன் ஏறாது. ப்ளக்இன் ஏறாவிட்டால் எந்தக் குரலும் கம்பத்துக்குப் போகாது. அப்படித்தான் பூட்டுப் போட்டுத் தரச் சொல்லிக் கம்பெனிக்காரனிடம் வாங்கியிருந்தார்கள். நாய் நுழைய வழியே கிடையாது.

இந்த மையத்தில்தான் ஜெயசுதா ஒலி உதவியாளர். காண்ட்ராக்ட். பெண்ணையாற்றங்கரையில் வடுகன்திட்டு அவள் ஊர். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை உள்பக்கமிருந்து பார்த்த முதல் ஆள் அவள்தான். மையத்தில் பேசுவதும் அவளே, பதிவதும் அவளே, பெருக்குகிறவள் வராத அன்று பெருக்குவதும் அவளே.

திறப்பு விழா அன்று கம்பங்களில் முதல் அறிவிப்பு அவள் குரலில்தான் போனது. “அன்பார்ந்த பொதுமக்களே! இனி கம்பம் சொன்னால் மட்டுமே நம்புங்கள். அங்கீகரிக்கப்படாத குரல்களை நம்பாதீர்கள், பரப்பாதீர்கள்.” இயக்குநருக்கு அந்த வாசகம் பிடித்துப்போய், காலையும் மாலையும் தானாக ஒலிக்கும்படி கம்பங்களிலேயே பதித்துவிடச் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய், “யம்மா, கம்பத்துல பேசினது யாரு தெரியுமா? நாந்தான்” என்றாள் ஜெயசுதா.

மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த தையலம்மாள் நிமிரக்கூட இல்லை. “போடி. நீ பேசினா உங்கப்பன் பேசற மாதிரி கரகரன்னு இருக்கும். அவ எவளோ டிவிக்காரி. இன்னா இனிப்பா பேசறா.”

தையலம்மாளின் அண்ணன் குப்புவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் பீடி அணைந்துவிட்டது. அடுத்த மாதமே அவர் அந்த அறிவிப்பின் பலனை அனுபவித்தார். ஏரிக்கரையில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று டீக்கடையில் சொன்னதற்காக மையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போனார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, ‘கம்பம் சொல்லாத எதையும் இனி சொல்லவும் மாட்டேன், கேட்கவும் மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு டீயும் கொடுத்து அனுப்பினார்கள். ஏரிக்கரை ஓட்டையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அதைக் கம்பம் சொல்லவில்லையே.

இப்படியாக ஆயுத பூஜை வந்தது.

மையத்தின் இயக்குநர் கலைவேந்தன் எதையும் தன் கையாலேயே செய்கிறவர், அதாவது போட்டோ எடுக்கிற காரியங்களை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவிக்கும் அவரே பொட்டு வைத்தார். மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, ஏசி ரிமோட்டுக்கு. மைக்கின் வலைக்கு வைத்த குங்குமம் உள்ளே இறங்கிப்போனது. கடைசியில் டாங்கிளை உருவித் தட்டில் வைத்தார்கள்.

“இது சின்னதா இருக்கேன்னு பாக்காதீங்க” என்று இயக்குநர் குழைந்தார். “இதான் மூலவர். மத்ததெல்லாம் பரிவாரம். பரிவாரத்துக்குப் பொட்டு. மூலவருக்குக் காப்பு.”

சொல்லிவிட்டு டாங்கிளைச் சந்தனக் கிண்ணத்துக்குள் தலைகீழாக விட்டு ஒரு முக்கு முக்கி எடுத்தார். கைதட்டினார்கள். ஜெயசுதா மட்டும் “சார், அது வாய்ப்பக்கம்…” என்று ஆரம்பித்தாள். மணி அடித்ததில் அது கேட்கவில்லை.

லீவு முடிந்து வந்து சாஃப்ட்வேரைத் திறந்தால் திரையில் சிவப்புப் பட்டை. ப்ளக்இன் ஏறவில்லை, உரிமம் காணவில்லை.

ஜெயசுதா தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ப்ளக்இன்னை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். இருக்கிற ப்ளக்இன்களையெல்லாம் புதிதாகத் தேடச் சொன்னாள். டாங்கிளை வேறு ஓட்டையில் சொருகினாள், வேறு கம்ப்யூட்டரில் சொருகினாள். பட்டை சிவப்பாகவே இருந்தது. அப்புறம்தான் செல்போன் டார்ச்சை அடித்து டாங்கிளின் வாய்க்குள் பார்த்தாள். உள்ளே தங்கத் தகடு தெரிய வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகி, பல்லில்லாத வாயில் வடை அடைத்த மாதிரி இருந்தது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மேலாளர் வைஜெயந்தியிடம் ஓடினாள். “மேடம், ஒண்ணுமில்ல. உள்ள சந்தனம் அடைச்சிருக்கு. பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சூண்டு ஸ்பிரிட்டும் இருந்தா இப்பவே சரியாயிடும்.”

வைஜெயந்தியின் முகம் சாமி சிலையைக் காணோம் என்று கேட்டவள் முகம் போலானது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இன்னா பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? டைரக்டர் கையால வெச்ச சந்தனம் அது. அதால கெட்டுப்போச்சுன்னா இன்னா அர்த்தம்? டைரக்டர் கெடுத்தாருன்னு அர்த்தம். இல்ல சாமி கெடுத்துச்சுன்னு அர்த்தம். ரெண்டுல எத எழுதச் சொல்ற?”

“எதுவும் எழுத வேணாம் மேடம். தொடைச்சாப் போதும்.”

“நீ காண்ட்ராக்ட்டு. உன் லெவலுக்குக் கீபோர்டு தொடைக்கலாம், மவுஸு தொடைக்கலாம். டாங்கிள் ஏ கிளாஸ் ஐட்டம். தொட்டேன்னு வெளிய தெரிஞ்சா உன்னத் தொடைச்சிடுவாங்க.”

டாங்கிள் அன்றே வெள்ளித் தட்டோடு பீரோவுக்குள் போனது. ஸ்டோர் பார்க்கிற சேவியரைக் கூப்பிட்டு, “நீங்க எதாவது தொட்டீங்களா?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டாள் வைஜெயந்தி.

“மேடம், அன்னிக்கி எனக்குஞ் சேத்துதான் சார் பொட்டு வெச்சாரு. நானே மூணு நாளு அழிக்கல” என்றார் சேவியர்.

புது டாங்கிள் வாங்கலாமே என்றால், பழையதைக் கழிக்க வேண்டும். கழிக்கக் காரணம் எழுத வேண்டும். எழுதக்கூடிய காரணம் எதுவும் அதற்குள் இல்லை, சந்தனத்தைத் தவிர.

ஆகவே குழு போட்டார்கள். முதல் கூட்டத்தில் முந்திரி பக்கோடா வைத்தார்கள். ‘பழுது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஓய்வுநிலை’ என்று போட்டார்கள். “பழுதுன்னா யாரோ பழுதாக்கினாங்கன்னு வரும்” என்று இயக்குநர் விளக்கினார். “ஓய்வுன்னா யாரையும் கேக்க முடியாது. ஓய்வு உரிமை.”

இரண்டாவது கூட்டத்துக்கு ஆலோசகர் ராஜ்கமலை டவுனிலிருந்து அழைத்து வந்தார்கள். கழுத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்தார், கடைசிவரை அதைக் காதில் வைக்கவே இல்லை. கம்ப்யூட்டரைக் கிழக்குப் பார்த்துத் திருப்பச் சொன்னார். திருப்பினார்கள். சிவப்புப் பட்டை கிழக்குப் பார்த்து எரிந்தது. கண்ணை மூடி யோசித்துவிட்டு முடிவைச் சொன்னார்.

“ப்ளக்இன் ரிஜெக்ட் பண்ணுது சார். ஃபாரின் சரக்கு, ரொம்ப சென்சிட்டிவ். நம்ம வில்லேஜ் வாய்ஸ் அதுக்கு ஒத்துக்கல. பாத்தவுடனே மூடிக்குது.”

எல்லாரும் ஜெயசுதாவின் தொண்டையைப் பார்த்தார்கள்.

“சார், அது இன்னும் என் குரலையே கேக்கல” என்றாள் அவள். “ஏறவே இல்ல. வூட்டுக்குள்ள கால் வெக்காத மருமவன் சோறு சரியில்லன்னு எப்பிடி சார் சொல்வான்?”

சேவியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜ்கமல் அவளை மன்னித்தார். அவள் குரலைத் தேற்றுவதற்காகத் தினமும் காலையில் நாக்கில் தேன் தடவிக்கொண்டு கிழக்குப் பார்த்து ‘ம்ம்ம்’ என்று முனகுகிற பயிற்சி ஏற்பாடானது. முதல் நாள் தேனில் எறும்பு இருந்தது. அதுவும் ஓய்வுநிலையில்தான் இருந்தது என்று எழுதியிருப்பார்கள்.

இதற்கிடையே ரேஷனில் மண்ணெண்ணெய் வந்து போனது, யாருக்கும் தெரியவில்லை. கோமாரி ஊசிக்காரர்கள் வந்து காத்திருந்து போனார்கள், மாடு வரவில்லை. பக்கிரி ஒரு நாள் வந்து வாசலில் நின்றான்.

“மேடம், அந்த மைக்க குடுத்தீங்கன்னா நா பாட்டுக்குச் சொல்லினு போவேன். உங்க கம்பம் சரியாவற வரைக்கும்.”

“கம்பத்துக்கு இன்னா? நல்லாதான இருக்கு?” என்றாள் வைஜெயந்தி.

உண்மைதான். காலையும் மாலையும் கம்பம் பேசிக்கொண்டுதான் இருந்தது. பதித்து வைத்த ஒரே அறிவிப்பை, அதே இனிப்போடு: கம்பம் சொன்னால் மட்டுமே நம்புங்கள்.

மூன்றாவது கூட்டத்தில் இயக்குநர் பேசியது ஜெயசுதாவுக்கு மனப்பாடம். அவளைத்தான் பதிவு செய்யச் சொன்னார்கள்.

“சிலர் குறை சொல்றாங்க. நான் கேக்கறேன், இந்த ஓய்வுக் காலத்துல ஒரே ஒரு தப்பான அறிவிப்பு வந்துச்சா? இல்ல. ஒரு உச்சரிப்புப் பிழை? இல்ல. நாய்? இல்லவே இல்ல. இதவிடத் தூய்மை எந்த மாநிலத்துல இருக்கு, காட்டுங்க பாப்போம்! சொல்லப்போனா, ஆரம்பத்துல நாம அறிவிப்பு கொடுத்துட்டு இருந்தப்பதான் இன்னும் கொஞ்சம் கசடு இருந்துச்சு.”

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. கொல்லையில் கரும்பு படுத்துவிட்டது. ஒரு காலையில் மையத்துக்குப் போன் வந்தது. மேலே அணை நிரம்பித் திறந்துவிட்டார்கள், பெண்ணையாற்றங்கரை ஊர்களை இருட்டுவதற்குள் மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். முன்பெல்லாம் இப்படித் தகவல் வந்தால் நாலு ஆபீஸ் ஆட்களும் நாலு பக்கம் ஓடுவார்கள். இப்போது யாருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை. கம்பம் சொல்லிவிடும்.

போனை எடுத்தது ஜெயசுதா. கையோடு மைக்கைப் போட்டு, “ஆத்துல வெள்ளம் வருது. கரையோரத்துல இருக்கறவங்க எல்லாரும் வூட்ட வுட்டு இப்பவே கெளம்புங்க. மாட்ட அவுத்து வுட்டுடுங்க” என்று பதிந்தாள். திரையில் சிவப்புப் பட்டை.

இயக்குநரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனாள். “சார், எங்க ஊரு சார். எங்கம்மா இருக்காங்க. போனு லைனே கெடைக்கல. பீரோவத் தெறந்து குடுங்க, ஒரு நிமிஷத்துல தொடைச்சிடறேன்.”

“பதட்டப்படாதம்மா. பதட்டம் குரல்ல தெரியும்” என்றார் கலைவேந்தன். “மொதல்ல வாசகத்தப் பாப்போம்.”

அவசரக் கூட்டம், ராஜ்கமல் உட்பட. வாசகத்தைப் பார்த்தார்கள். ‘வெள்ளம்’ பீதியைக் கிளப்பும் என்று எடுத்துவிட்டு ‘நீர்வளம்’ போட்டார்கள். ‘வருது’ கொச்சை, ‘பெருகி வருகிறது’ என்று மாற்றினார்கள். ‘கெளம்புங்க’ என்றால் எங்கே என்று கேட்பார்கள், கேட்டால் இடம் காட்ட வேண்டும். கடைசியில், ‘பெண்ணையாற்றில் நீர்வளம் மகிழ்ச்சிக்குரிய அளவில் பெருகி வருவதால், கரையோரப் பொதுமக்கள் இயன்றவரை மேடான பகுதிகளை நாடுவது விரும்பத்தக்கது’ என்று வந்தது. வைஜெயந்தி அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அடுத்தது டாங்கிள். பூஜை செய்த பொருளை முறைப்படி பூஜை கலைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று இயக்குநர் கருதினார். குருக்களுக்குக் கார் அனுப்பினார்கள். தண்ணீர் நின்ற ரோட்டில் கார் ஊர்ந்து, சுற்றி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தது. குருக்கள் வேட்டியைப் பிழிந்துவிட்டு, வெள்ளித் தட்டிலிருந்த டாங்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கா சார் என்னை மழையில இழுத்துண்டு வந்தேள்? சந்தனம் காஞ்சா கழுவ வேண்டியதுதான். நாங்க சாமிக்கே தெனம் கழுவிட்டுதான் புதுசா சாத்தறோம்.”

ஜெயசுதா கையை நீட்டினாள். இயக்குநர் தட்டை இழுத்துக்கொண்டார்.

“வாய்மொழி போதாது சாமி. எழுதிக் குடுத்துடுங்க. கோயில் முத்திரையோட.”

“முத்திரை கோயில்ல இருக்கு.”

“கார் இருக்கே” என்றார் இயக்குநர்.

அந்த நேரம் ஜெயசுதாவின் போன் அடித்தது. தையலம்மாள். “இன்னாடி, ஆத்துல சத்தம் ஒரு மாதிரியா கீது. இங்க யாரக் கேட்டாலும் கம்பம் ஒண்ணும் சொல்லலியேன்றாங்க. உனக்கு எதனா தெரியுமா?”

அதற்கு அப்புறம் நடந்ததை விசாரணையில் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். வைஜெயந்தி, அவள் பாய்ந்தாள் என்றாள். ராஜ்கமல், தாக்கினாள் என்றார். ஜெயசுதா எழுந்து, தட்டிலிருந்த டாங்கிளை எடுத்து, சுடிதாரில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி, துப்பட்டா நுனியில் குருக்களின் விபூதிச் சம்படத்துப் பக்கத்திலிருந்த சானிடைசரைத் தொட்டுத் துடைத்துச் சொருகினாள். அவ்வளவுதான். திரையில் பட்டை பச்சையானது. மாதக் கணக்காக ஓய்வில் இருந்த ப்ளக்இன் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தது. நீர்வளத்தைத் தள்ளிவிட்டுக் காலையில் பதிந்ததையே அனுப்பினாள். ‘எல்லாக் கம்பங்களுக்கும் அனுப்பப்பட்டது’ என்று காட்டியது.

யாரோ கைதட்டினார்கள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தீங்களா? சாமி கால் வெச்ச நேரம்!”

ஜெயசுதா அம்மாவைக் கூப்பிட்டாள். “யம்மா, கேட்டுச்சா? கம்பம் சொல்லுச்சா?”

“எங்கடி சொல்லுச்சு? காலைலேந்தே இங்க கரண்ட் இல்ல. கம்பம் இன்னா காத்துலயா பேசும்?”

“வெள்ளம் வருதும்மா, கெளம்பு” என்று சொல்வதற்குள் லைன் கட்டானது. போனைக் கையில் வைத்துக்கொண்டே இயக்குநரிடம் சொன்னாள். அவர் திரையைக் காட்டினார்.

“பச்ச வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு சார். ஆனா அங்க கேக்கல சார்!”

“பேட்டரி ரெண்டாம் கட்டத்துல வருது. நம்ம கடமை பச்ச வரைக்கும்தான்மா. அதுக்கு மேல கேக்கறது மக்களோட கடமை.”

ஜெயசுதா ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். சேவியர் ஏற்கெனவே கதவைத் திறந்து, ஆம்ப்ளிஃபயரின் தூசியைத் தன் சட்டையால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் அவள் பிடித்தாள். எதிர் டீக்கடையில் நின்ற பக்கிரி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

வடுகன்திட்டுக்குள் போகும்போது மழை விட்டு, வானம் பொய்யாக வெளுத்திருந்தது. அதுதான் வினையே. தெருவில் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கிரி மைக்கில் தொண்டை கிழியக் கத்தினான், பின்னால் ஜெயசுதா கத்தினாள். பாதிப்பேர் அவள் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். மீதிப்பேர் ஆற்றைப் பார்த்து நம்பினார்கள். தையலம்மாள் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். கிழவர்களையும் குழந்தைகளையும் ஆட்டோவில் திணித்தார்கள். குப்பு மட்டும் இல்லை.

ஆற்றோரம் மோட்டார் கொட்டகையில் இருந்தார். மோட்டாரைக் கழற்றிப் பரண் மேல் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, வா மாமா! தண்ணி வருது!”

“கம்பம் சொல்லலியேம்மா.”

“கரண்ட் இல்ல மாமா. கம்பத்துல பேசறதே நாந்தான். நா சொல்றேன், வா!”

குப்பு சிரித்தார். “நீயா? அது கண்ணாடி வளையல் குலுங்கற மாதிரி இருக்கும்டி. உனக்கு உங்கப்பன் தொண்ட.”

“மிஷினு மாத்திடும் மாமா. நாந்தான் அது. கேளு.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, நின்ற இடத்திலேயே சொல்லிக் காட்டினாள். “அன்பார்ந்த பொதுமக்களே! இனி கம்பம் சொன்னால் மட்டுமே நம்புங்கள். அங்கீகரிக்கப்படாத குரல்களை நம்பாதீர்கள்…”

“நல்லா மிமிக்ரி பண்றடி” என்றார் குப்பு. ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு நட்டைத் திருகினார். பிறகு அதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். “அந்த ஏரி விஷயத்துக்கே கூப்டு வெச்சி எழுதி வாங்கிட்டானுங்க. மறுபடி போயி அந்தச் சேர்ல குந்த என்னால ஆவாது. நீ புள்ளைங்கள ஏத்தினு போ. கம்பம் சொல்லட்டும். இல்லன்னா மோட்டார ஏத்திட்டு வரேன்.”

மேலிருந்து பக்கிரி ஹாரனை விடாமல் அடித்தான். ஆட்டோ நிறையக் குழந்தைகள். கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறவில்லை, பெரியவர் சின்னவள் கையை விடுவிக்கிற மாதிரி மெதுவாக எடுத்துவிட்டார். அவள் போனாள்.

இருட்டுகிற நேரத்துக்கு ஆறு ஊருக்குள் வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு, குப்பு கரும்புக் கொல்லைக்குள் கிடைத்தார். மோட்டார் பரண் மேல் பத்திரமாக இருந்தது. கம்பமும் அசையாமல் நின்றது. நல்ல காண்ட்ராக்டர்.

ஜெயசுதாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். குற்றங்கள் மூன்று: ஏ கிளாஸ் பொருளைத் தொட்டது, சந்தனத்தை ஊக்கால் இழிவுபடுத்தியது, அரசு அறிவிப்பில் ‘வூடு’ என்று சொன்னது. ப்ளக்இன் சரியானதற்குக் குருக்களின் வருகை என்று எழுதிக்கொண்டார்கள். குருக்கள் அதற்கும் முத்திரை போடவில்லை.

பிறகு கம்பத்தடியிலேயே பந்தல் போட்டு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ராஜ்கமல் ஒலிப்பதிவு செய்ய வந்தார். இந்தத் தடவை ஹெட்போன் காதில் இருந்தது. கலைவேந்தன் வெள்ளைச் சட்டையில் வந்து, குப்புவின் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“குப்பு அவர்கள் நமது திட்டத்தின் முன்மாதிரிப் பயனாளி. சுற்றிலும் எத்தனையோ பேர் எதையெதையோ கூவியபோதும், கடைசி மூச்சு வரை அங்கீகரிக்கப்படாத ஒரு குரலைக்கூட அவர் நம்பவில்லை. அந்த ஒழுக்கம்…”

தையலம்மாள் எழுந்துவிட்டாள். “எங்கண்ணன முழுங்கிட்டு மாலை போட வந்தியாடா பாவி! உன் வாயி வெந்துபோவ!” என்று மார்பில் அடித்துக்கொண்டு பந்தல் அதிர அலறினாள். பின்னால் பெண்கள் எல்லாரும் அலறினார்கள். யாரோ சேற்றை வாரி எறிந்தார்கள். பக்கிரி அவன் பங்குக்கு ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நாயும் குரைத்தது. இயக்குநர் சட்டையில் சேற்றோடு பேச்சை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பாதியில் விட்டால் பதிவு கெட்டுவிடும்.

கரண்ட் வந்த அன்று மாலை அதைக் கம்பத்தில் போட்டார்கள்.

ஜெயசுதா கம்பத்தடியில் நின்று கேட்டாள். இயக்குநரின் குரல் பளிங்கு மாதிரி வந்தது. ‘அந்த ஒழுக்கம்’ என்ற இடத்தில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. துக்கத்தில் தொண்டை அடைத்து அவர் நிறுத்தியதைப் போலவே இருந்தது. அம்மாவின் அலறல் இல்லை. பெண்கள் இல்லை, ஹாரன் இல்லை. நாய் இல்லவே இல்லை.

ப்ளக்இன் அருமையாக வேலை செய்தது. அது ஜெயசுதாவுக்குத் தெரிந்த வேலை. சுத்தமாக இருந்தது.

தையலம்மாள் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாட்டுக் கொட்டகை வெள்ளத்தில் போனதிலிருந்து கட்டுவதற்கு இடமில்லை. கயிற்றைக் கம்பத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பேச்சு முடிந்து ஒரு மணிச்சத்தம் கேட்டது. அப்புறம் எப்போதும் வருகிற அந்தக் குரல் மேலிருந்து இனிப்பாக இறங்கியது.

“அன்பார்ந்த பொதுமக்களே! இனி கம்பம் சொன்னால் மட்டுமே நம்புங்கள்…”

தையலம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். காறி, பக்கத்தில் துப்பினாள்.

“எங்கண்ணன கொன்ன சிறுக்கி. எவ பெத்தாளோ இவள” என்றாள்.

ஜெயசுதா குனிந்து கன்றின் கயிற்றை இன்னொரு முறை முடிந்தாள்.